மருத்துவன் கையை விடாத காட்சி

1

வேலை பாஸ் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பாஸ்போர்ட்டைக் கம்பெனி ஆளிடம் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை பினாங்கில் நடமாடுவது, உச்சி வெயிலில் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நிற்பது மாதிரிதான். போலீஸ் வண்டி ஒன்று நிதானமாகக் கடந்து போனாலும் அது எனக்காகத்தான் மெதுவாகப் போகிறது என்று தோன்றும். வந்து எட்டு வருடம் ஆகியும் இந்தப் பயம் குறையவில்லை.

முதல் தடவை குடிநுழைவு ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, "புஜாங்?" என்றார். எனக்கு அப்போது மலாய் ஒரு சொல்லும் தெரியாது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கல்யாணம் ஆகாதவனா என்றுதான் கேட்டாராம். ஏஜெண்டுதான் எனக்காகத் தலையாட்டினார்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றிப் புலம்புவார்கள். பிள்ளைக்குத் தமிழ் வாயில் நுழையவில்லை, ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் மூக்கைப் பொத்துகிறான் என்று. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வாய்த்திருப்பது பயம் மட்டும்தான், அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன். காரணத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் ஏமாந்ததாக இருக்க வேண்டாம். நான் ஓர் ஆணோடு வாழ்கிறேன். அவன் பெயர் குணா என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெயரை இந்தப் பக்கத்தில் தேடாதீர்கள்.

நம் நாட்டில் நீதிமன்றம் இது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது விருதுநகரில் அப்பா பேசாமல் சேனலை மாற்றினார் என்று தங்கை சொன்னாள். இங்கே சட்டப் புத்தகத்தில் அது இன்னும் குற்றம்தான். தினமும் யாரும் கதவைத் தட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் தட்டலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

2

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடை வீட்டின் மாடியில் இருக்கிறோம். இரண்டு அறை. இரண்டு ஆண்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு தங்குவது இங்கே சாதாரணம் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்கிறவர் ஒருவர்தான். குணாவின் அம்மா.

குணா இந்த ஊர்க்காரன். கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அம்மா வீடு பட்டர்வொர்த்தில். வேலையும் வீடும் அந்தக் கரையில் இருக்கும்போது, பாலம் தாண்டி வந்து இந்தக் கரையில் வாடகை கட்டுகிறவனைப் பெற்றவள் கேட்காமல் விடுவாளா. "அண்ணே தனியா இருக்காரு மா, பாதி வாடகை மிச்சம்" என்று குணா சொல்லியிருக்கிறான். அந்த அண்ணே நான். தனியாக இருக்கும்போது என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், கோபம் வந்தால் வாடா போடா. மாடிப்படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அண்ணே வந்துவிடும்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெர்ரி ஏறி வருவார். கையில் மீன் கறியும் சம்பலும் இருக்கும். "தம்பி பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார். காலைச் சாப்பாட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒருமுறை நான் ஊருக்குப் போனில், "பசியாறிட்டேன்மா" என்று சொல்லிவிட்டு என் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். யாரோடு பழகி இப்படிப் பேசுகிறாய் என்று அவர் சும்மாதான் கேட்டார். லைன் சரியில்லை என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலையில் எனக்கு ஒரு வேலை உண்டு. இரண்டாவது அறையில் யாரும் படுக்காத கட்டில் ஒன்று இருக்கிறது. அதன் விரிப்பைக் கசக்கி, தலையணையில் குழி விழும்படி குத்தி, போர்வையைப் பாதி கீழே தொங்கவிட வேண்டும். குணாவின் சட்டை ஒன்றையும் அதன் மேல் எறிந்து வைப்பேன். அம்மா வந்ததும் நேராக அந்த அறைக்குப் போய், "எருமை, எழுந்தா போர்வைய மடிக்கத் தெரியாதா" என்று மகனைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மடித்து வைப்பார். அவர் திட்டும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும்.

3

நான் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. "பொம்மைப் படம் போடறான்" என்று என் அம்மா சொல்லி வைத்திருக்கிறார், அது பாதி சரி. வீடியோ கேம்களில் வரும் மனிதர்களை அசைய வைப்பது எங்கள் வேலை. கதையும் பணமும் வேறு ஏதோ தேசத்திலிருந்து வரும், அசைவு பினாங்கில் நடக்கும். அதிலும் நான் கைகளில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். வாள் பிடிக்கும் கை, கயிறு இழுக்கும் கை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

கல்லூரி நாட்களிலிருந்து கேம் ஆடுகிறேன். எங்களைப் போன்ற ஆண்கள் அவற்றில் எப்படி வருவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். இடுப்பை வளைத்து நடக்கும் கடைக்காரன், ஆடுகிறவர்கள் சிரிப்பதற்காக. நகத்துக்குச் சாயம் பூசிய வில்லன், அவனைக் கொன்றால் பரிசு. நல்லவனாக ஒருவன் வந்தால் பாதிக் கதையில் செத்துப்போவான். கொஞ்சம் பெரிய மனது வைத்த கேம்களில், ஒரு பொத்தானை அழுத்தினால் தோழன் காதலைச் சொல்வான். அழுத்தாவிட்டால் கடைசிவரை தோழன்தான், பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற அப்பாவுக்கு எதுவும் தெரியவராது. அந்தப் பொத்தான் வைத்த கேம்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏன் பிடித்தது என்று இப்போது யோசித்தால் அசிங்கமாக இருக்கிறது.

இதையெல்லாம்விட மோசமான ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் குயர்பெய்ட்டிங் என்பார்கள். நம் பேச்சில் சொன்னால் தூண்டில் போடுவது. இரண்டு ஆண்கள் காதலர்கள் என்பதுபோல விளம்பரத்தில் ஜாடை காட்டுவார்கள். தங்களைப் போல ஒருவனைத் திரையில் பார்க்க ஏங்குகிறவர்கள் உலகமெங்கும் ஓடி வருவார்கள், பேசுவார்கள், படம் வரைவார்கள், காசு கொடுத்து வாங்குவார்கள். கேமுக்குள்ளே போனால் ஒன்றும் இருக்காது. கேட்டால், நாங்கள் எப்போது அப்படிச் சொன்னோம் என்பார்கள். சொல்லத்தான் இல்லை, காட்டியிருப்பார்கள்.

இந்த வருடம் அந்தத் தூண்டிலுக்குப் புழு கோர்க்கும் வேலை என் மேசைக்கு வந்தது. கடல் கதை. கப்பல் கேப்டன் ஒருவன், அவனுடைய மருத்துவன் ஒருவன். ட்ரெய்லரின் முடிவில், காயம்பட்ட கேப்டன் கைக்கு மருத்துவன் கட்டுப் போடுகிறான். கட்டி முடித்த பிறகும் கையைச் சற்று நேரம் விடாமல் இருக்க வேண்டும். "பார்க்கிறவர்கள் கேள்வி கேட்கணும், நாம பதில் சொல்லக் கூடாது" என்று வீடியோ காலில் வாடிக்கையாளர் சொன்னார்.

என் டீம் லீட் சுமதி அக்கா இந்த ஊர்த் தமிழர். எங்கள் குழுவில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவர் மட்டும்தான். வீடியோ கால் முடிந்ததும் அவரிடம் கேட்டேன், கதையில் இவர்கள் இரண்டு பேரும் என்ன உறவு என்று.

"கதையில ஒண்ணும் இல்ல தம்பி. டாக்டருக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்கு. ட்ரெய்லர்ல மட்டும்தான் இது" என்றார்.

"அப்ப ஏமாத்துற வேலைதானே அக்கா?"

"நமக்கு வர்றது கை மட்டும்தான் லா. கைய நல்லா செய்" என்று இந்த ஊர் 'லா' சேர்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

4

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு அசைவைச் செய்வதற்கு முன்னால் நாமே அதை நடித்துப் போனில் படம் பிடிப்போம். ரெஃபரன்ஸ் என்று பெயர். வயிறு பெருத்த ஆள் ஒருவர் ஆபீஸ் நடைபாதையில் இளவரசி போல மயங்கி விழுவார், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்தக் காட்சியை ஆபீசில் இன்னொரு ஆணோடு நடிக்க எனக்குத் தைரியம் இல்லை. என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று குணாவைக் கெஞ்சினேன்.

"நான் என்ன ஆக்டரா? கட்டுப் போடச் சொன்னா போடுறேன். ஃபீலிங் எல்லாம் கேக்காத லா" என்றான். சன்னலோரம் உட்கார்ந்து, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுத்துணி ஆக்கினோம். அவன் மருத்துவன், நான் கேப்டன். முதலில் எடுத்தவற்றில் மரக்கட்டை மாதிரி இருந்தான். பிறகு ஒரு டேக் சுமாராக வந்தது. இது போதும் என்று நினைத்தேன், ஆனாலும் இன்னும் ஒன்று எடுக்கலாம் என்று கை நீட்டினேன்.

அந்த வாரம்தான் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தேன். கட்டும்போது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, எனக்கே தெரியவில்லை. குணாவுக்குத் தெரிந்தது. கட்டி முடித்தவன் கேமராவை மறந்துவிட்டான். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, உள்பக்கம் நாடி துடிக்கும் இடத்தில் கட்டை விரலால் மெதுவாகத் தடவிக் கொடுத்தான். நான் பயந்தால் அவன் எப்போதும் செய்வது அது. "பயப்படாத. நான் இருக்கேன்ல" என்றான். போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

பயன்படுத்த வேண்டிய டேக்குக்கு நட்சத்திரக் குறி போடுவது என் பழக்கம். சுமாராக வந்த டேக்குக்கு அப்படிப் போட்டேன். இதற்கும் ஒன்று போட்டேன், எனக்கென்று வைத்துக்கொள்ள. திங்கட்கிழமை அவசரத்தில், நட்சத்திரம் போட்ட டேக்கை ஆபீசுக்கு அனுப்பினேன். எந்த நட்சத்திரம் என்று பார்க்கவில்லை. இந்த மடத்தனத்தை என் தொழிலில் இருப்பவனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

எங்கள் ஆபீசில் தினமும் விளக்கை அணைத்துவிட்டு எல்லார் வேலையையும் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார்கள். என் முறை வந்தது. திரையில் எங்கள் வீட்டுச் சன்னல், என் முகம், குணாவின் முகம். அவன் கட்டை விரல் நகரத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து நிறுத்தச் சொல்வதற்குள் "பயப்படாத. நான் இருக்கேன்ல" என்று அவன் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. மற்றவர்களுக்கு அது புரியாத பாஷை. சுமதி அக்காவுக்குப் புரியும். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

ஸ்பீக்கரில் வாடிக்கையாளர் குரல் வந்தது. "இதுதான். அப்படியே வேண்டும். அந்தக் கட்டை விரல் உட்பட."

பிறகு சில நாட்கள் நான் பட்ட பாட்டை எழுதி மாளாது. ஹெச்ஆரிலிருந்து மின்னஞ்சல் வந்தால் மாலைவரை திறக்காமல் வைத்திருந்தேன். கழிப்பறையில் யாராவது சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று நின்று கேட்டேன். குணாவிடம் சொன்னபோது முதலில் அவன் கேட்டது, "என் மூஞ்சி இருந்துச்சா?" என்பதுதான். இருந்தது என்றேன். அன்று அவன் சாப்பிடவில்லை. எனக்காவது பாஸை ரத்து செய்தால் விமானம் ஏற ஓர் ஊர் இருக்கிறது. அவன் எங்கே போவான். அவன் அம்மா இங்கே, வேலை இங்கே, பெயர் தெரிந்த தெருவெல்லாம் இங்கே.

அந்த வாரக் கடைசியில் சுமதி அக்கா என் மேசையருகே வந்து நின்றார். "அந்த வீடியோவ சர்வர்ல இருந்து அழிச்சுட்டேன் தம்பி. இனிமே வீட்ல எடுத்தா கழுத்துக்குக் கீழ மட்டும் எடு. மூஞ்சி வேணாம்" என்றார். எச்சரிக்கிறாரா, காப்பாற்றுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. நன்றி சொல்லக்கூடப் பயமாக இருந்தது.

5

ட்ரெய்லர் வெளியானது. கேப்டனும் மருத்துவனும் யாரோ வெள்ளைக்கார முகங்கள்தான், ஆனால் அந்தக் கை குணாவின் கை. விரலின் வேகம், நிறுத்தம் எல்லாம் அவனுடையது. ஜனங்கள் அந்த ஒரு காட்சியை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். நண்பர்கள்தான் என்று ஒரு கூட்டம், கண் அவிந்துவிட்டதா என்று இன்னொரு கூட்டம். வாடிக்கையாளர் எதிர்பார்த்தது போலவே கேள்வி பரவியது, பதில் யாரும் சொல்லவில்லை.

கீழே ஆயிரம் கருத்துகளுக்கு நடுவில் ஒன்று தமிழில் இருந்தது. "ரிலீஸ் அன்னைக்கு லீவு சொல்லிட்டேன். இந்தத் தடவையாவது ஏமாத்திறாதீங்கடா." யாரென்று தெரியாது. நம் பக்கத்துப் பையனாகத்தான் இருக்க வேண்டும். ஏமாற்றப்போகிறோம் என்று அவனுக்கு எழுத விரல் துடித்தது. எழுதினேன், அழித்தேன். கம்பெனி ஒப்பந்தம் ஒரு சாக்கு. உண்மையில், நீ யார் என்று அவன் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்ற பயம்தான்.

அந்த ஞாயிறு குணாவின் அம்மா வந்திருந்தார். குணா பெருமை தாங்காமல், "அண்ணே செஞ்சது மா" என்று போனை நீட்டிவிட்டான். நான் கண்ணால் தடுத்தும் அவன் கவனிக்கவில்லை. அம்மா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே பார்த்தார். முடிந்ததும், "திரும்பப் போடு" என்றார். மறுபடி பார்த்தார்.

"அந்த டாக்டர் கையப் புடிக்கிறது நம்ம குணா மாதிரியே இருக்கு" என்றார். "எனக்குக் காய்ச்சல் வந்தா இவன் இப்படித்தான் புடிச்சிக்கிட்டு உக்காருவான். சின்னப் புள்ளையில இருந்து."

"அண்ணே என்னப் பாத்து காப்பி அடிச்சிட்டாரு மா" என்று குணா சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க எப்ப தம்பி பாத்தீங்க? அவன் அப்படிப் புடிச்சத?"

எத்தனையோ பொய்களை நாங்கள் தயாராக வைத்திருந்தோம். இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை. "எனக்கும் ஒரு தடவை காய்ச்சல் வந்துச்சும்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டாவது அறையின் கதவைப் பார்த்தார். சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து கை கழுவினார். அன்று அந்த அறைக்குள் அவர் போகவே இல்லை. நான் கசக்கி வைத்த விரிப்பு கசங்கியபடியே கிடந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கால் வலி என்றார். அதற்கடுத்த ஞாயிறு கோயிலில் பூஜை. குணா போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அவன் இரண்டு பேருக்கு நடுவில் வற்றிக்கொண்டே போனான். அவனை அவன் அம்மாவிடமிருந்து பிரித்த பாவம் எனக்கு வரப்போகிறது என்று நான் நிச்சயமாக நம்பினேன். போலீஸ், பாஸ், ஹெச்ஆர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த வாரங்களில் நான் பயந்தது பட்டர்வொர்த்திலிருந்து வராத அந்த ஒரு அம்மாளுக்குத்தான்.

6

இதற்குள் கேமுக்கான காட்சி வந்து சேர்ந்தது. ட்ரெய்லரில் வந்த அதே இடம், அதே கட்டு. ஆனால் உள்ளே ஆடுகிறவர்கள் பார்க்கப்போவது வேறு. மருத்துவன் கட்டி முடித்ததும் கையை விட்டுவிடுவான். கேப்டன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஊரிலிருக்கும் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுவான். லீவு சொன்ன பையனின் ஞாபகம் வந்தது. இதற்கும் ரெஃபரன்ஸ் வேண்டும் என்றார் சுமதி அக்கா.

ஞாயிறு காலை, சன்னலோரம், அதே வேட்டித் துணி. இந்த முறை போனைக் கழுத்துக்குக் கீழே வைத்தேன். குணா கட்டினான், கையை விட்டான், ஒரு அடி தள்ளி நின்று தோளில் தட்டினான். "சரி அண்ணே" என்றான். எல்லாம் கச்சிதம். தூரம், தட்டிய பலம், பார்வையை விலக்கிய வேகம், எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. முதல் டேக்கிலேயே முடிந்தது. கையை விடாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டோம், விடுவதற்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. பாசார் சந்தையில், கோயிலில், அவன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் நாங்கள் வருடக்கணக்காக நடிப்பது இதைத்தான்.

போனை அணைக்கக்கூட இல்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாவின் செருப்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று, மெதுவாக, மூச்சு வாங்கியபடி. குணாவின் பெரியம்மா. ஊர் வாய் முழுவதும் அவர் வாய்தான் என்று குணா சொல்வான்.

எனக்கு அப்போதுதான் கட்டில் ஞாபகம் வந்தது. அம்மா வராமல் போன வாரங்களில் அதைத் தொடவே இல்லை. விரிப்பு இஸ்திரி போட்டதுபோல இருக்கும், மேலே மெல்லிய தூசி வேறு. ஓடிப் போய்க் கசக்கலாம் என்று எழுந்தேன், அதற்குள் அம்மா உள்ளே வந்துவிட்டார். என்னைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா தம்பி" என்றார். பதிலுக்கு நிற்காமல் இரண்டாவது அறைக்குள் போனார். குணா வாசலிலேயே நின்றுவிட்டான். நான் அவர் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, மன்னிப்புக் கேட்கலாம் என்றுகூட இருக்கலாம்.

அம்மா அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் படத்துல இன்னும் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்களா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"இல்லம்மா. மாத்திட்டாங்க. இப்ப தோள்ல தட்டிட்டுப் போயிடுவாரு."

"அதுவே நல்லது" என்றார். குரல் அடங்கியிருந்தது. "எல்லாரும் பாக்குறாங்க தம்பி. எனக்குத் தூக்கமே இல்ல."

படியில் பெரியம்மாவின் இருமல் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா சட்டென்று குனிந்து விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கினார். தலையணையில் முழங்கையால் ஒரு குத்துக் குத்தினார். போர்வையை உதறிப் பாதியைத் தரையில் தொங்கவிட்டார். கதவில் மாட்டியிருந்த மகனின் சட்டையை எடுத்து, ஒரு கணம் கையில் வைத்திருந்து, அதன் மேல் எறிந்தார். பிறகு என்னைத் தாண்டி வாசலுக்கு வந்தார்.

"ஏறி வாங்க அக்கா" என்று கீழே பார்த்துச் சொன்னார். "ஆம்பளப் பசங்க ரூமு, குப்பையாத்தான் கிடக்கும். பாத்து ஏறுங்க."